திபோவின் ஊர்வலத்தில் நின்றுபோன வண்டி

எலியுதேரியோ என்ற பெயரை ஞானஸ்நானத்தன்று பாதிரியார் ஒருமுறை முழுதாகச் சொன்னதோடு சரி. கிம்பால் ஊருக்கு அவன் வெறும் தெரோய். ஊரின் ஒரே அமரர் ஊர்தியை ஓட்டுகிறவன். அதற்கு முன் ஜீப்னி என்ற சிற்றுந்து ஓட்டினான்; பயணிகளோடு மல்லுக்கட்டியே ஒவ்வொரு முதலாளியிடமும் வேலை போயிற்று. "இப்பத்தான் எனக்கேத்த சவாரி. ஒருத்தனாவது எதிர்த்துப் பேசுறானா பாரு" என்று தென்னங்கள் குடிக்கிற இடத்தில் பீற்றிக்கொள்வான்.

அந்தக் கோடையில் வண்டி எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்கியது. பட்டறைக்கு அனுப்பலாம் என்றாள் முதலாளியம்மா. தெரோய்க்கு ரோஷம் வந்துவிட்டது. சவப்பெட்டிக் கிடங்கிலேயே என்ஜினைப் பிரித்துப் போட்டு, பிஸ்டன் வளையங்களை மாற்றி, வால்வுகளைத் தேய்த்து, தானே பூட்டினான். கொஞ்சம் ஓட்டிய பிறகு மேல்மூடியைத் திறந்து, வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று சேவல் சண்டை இருந்தது. மறுநாள் பார்க்கலாம் என்று போனவன் மறுநாளும் பார்க்கவில்லை. என்ஜின் டக் டக் என்று அடித்துக்கொண்டபோது, "புது என்ஜின், பேசிப் பழகுது" என்றான்.

இப்படியிருக்கையில் திபோ செத்துப்போனான். ஊரறிந்த சோம்பேறி. அவன் மனைவி பாசிங் சந்தையில் கருவாடு விற்று அவனுக்குச் சோறு போட்டவள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோரும் அவளை 'நாங்' என்றுதான் அழைப்பார்கள்.

பூசை முடிந்து வண்டி ஊர்ந்தது. பின்னால் குடைகளோடு ஜனம். என்ஜினின் டக் டக்குக்கு ஈடுகொடுத்து ஜெபமாலையும் வேகமெடுத்தது; 'அருள் நிறைந்த மரியே' மூச்சிரைத்துக்கொண்டு ஓடினாள். கல்லறை மேட்டு ஏற்றத்தில் உள்ளே ஏதோ டங்கென்றது. வண்டி நொண்டியது, புகைக்குழாய் ஒருமுறை வெடித்தது, அவ்வளவுதான்.

பாசிங் ஜன்னலருகே வந்தாள். "என்ன தெரோய், அவரை இறங்கித் தள்ளச் சொல்லட்டுமா?"

தெரோய் இறங்கி என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினான். ஒரு ராக்கரின் நட்டு கழன்று, திருகு மேலேறி, ராக்கரைத் தூக்கிவிடும் கம்பி இடம் தவறிச் சாய்ந்து கிடந்தது. கம்பியை உருவி எடுத்தான். வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சமமான பரப்பில் உருட்ட வேண்டும். ரோடு மேடும் பள்ளமும். வண்டியின் மூக்கோ வளைவு. அவன் கண் பின்பக்கம் போயிற்று.

"நாங், ஒண்ணு கேட்டா அடிக்கக் கூடாது."

"கேளு."

"இதை உருட்டிப் பாக்கணும். பெட்டி மேல கண்ணாடி இருக்கில்ல..."

"தெரோய்! உள்ள ஆள் இருக்காருடா!" என்று பதறினார் பாதர் ஹெர்மி.

"உருட்டட்டும் பாதர்" என்றாள் பாசிங். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வேலைக்கும் ஆகல. இன்னிக்காவது உதவட்டும்."

திபோவின் முகத்துக்கு மேலே கம்பி தடங்கலில்லாமல் உருண்டது. நேராகத்தான் இருந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள்.

அடுத்த சிக்கல், ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடைவெளி. அளக்கும் தகடு கிடங்கில் கிடந்தது. பாதர் பெருமூச்சு விட்டபடி ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு புனிதர் படத்தை உருவினார். "இந்த அட்டை ஆகுமா பாரு."

"யாரு பாதர் இது?"

"புனித ரோக்கு."

"அவரு கொள்ளைநோய்க்குல்ல?"

"இன்னிக்கு என்ஜினுக்கு. வேலையைப் பாரு."

கம்பியை இடத்தில் பொருத்தி, என்ஜின் காற்றாடியைக் கையால் சுற்றி, வால்வு மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அட்டையைச் செருகித் திருகை முடுக்கி நட்டைப் பூட்டினான். மற்றவற்றையும் தொட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் தளர்ந்து ஆடின; அவற்றையும் முடுக்கினான். அவன் காது சிவந்தது.

பாசிங் பார்த்துக்கொண்டே நின்றாள். "சேவல் சண்டை அன்னிக்குப் பூட்டினதா?"

"ஆமா, நாங்."

"எங்க ஆளும் அங்கதான் கிடந்தாரு. ஜெயிச்சாரா?"

"தோத்துட்டார்."

"நீ?"

"நானுந்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள், எந்த இடத்தில் என்று தெரியாமல் அழுகைக்குள் போய்விட்டாள். எண்ணெய்க் கையோடு தெரோய் அசையாமல் நின்றான். தொட்டால் கறுப்பு உடுப்பு கெட்டுவிடும், தொடாமலிருந்தால் தப்பாகிவிடும் என்று தோன்றியது. கடைசியில் முழங்கையால் அவள் தோளை லேசாக இடித்தான். "ஏறிக்கங்க நாங். முன்னாடி உக்காருங்க."

வண்டி சத்தமில்லாமல் ஏறியது. திபோவை இறக்கி மண்ணைப் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் தெரோய் என்ஜினை மறுபடி திறந்து, இருந்த நட்டு ஒவ்வொன்றையும் சரியான அளவுக்கு இறுக்கினான். முதலாளியம்மா காரணம் கேட்டதற்கு எரிந்து விழுந்தான்.

சந்தையில் பாசிங்கின் கடையைச் சுற்றிக்கொண்டு நழுவப் பார்த்தவனை அவள் விடவில்லை.

"எங்க ஓடுற? ஒரு நாள் நானும் உன் வண்டியில ஏற வேண்டியவதான். அன்னிக்காவது நிக்காம ஓட்டு."

"உங்களுக்கு இன்னும் காலம் கிடக்கு நாங். அதுக்குள்ள என்ஜினை இன்னொரு தடவை பிரிச்சுடுவேன்."

"பிரி, பிரி. பூட்டுறதை மட்டும் வேற யாராவது செய்யட்டும்" என்று சொல்லி, கருவாட்டைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள்.