அப்பாவின் இடது கன்னம்

போர்க்காலத்துப் பிள்ளைப்பருவத்தைப் பற்றி, பதின்ம வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதித் தரும்படி தெரிந்தவர் ஒருவர் என்னைக் கேட்டார். மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் முதல் அத்தியாயத்தில் பதுங்குகுழி வெட்டி, இரண்டாம் அத்தியாயத்தில் ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டு, மூன்றாவதுக்கு வரும்போது அப்பாவின் கன்னம் குறுக்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு சோகமாக எழுத வருவதில்லை. நாவல் கிடக்கட்டும். கன்னத்துக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்கு இந்தப் பக்கம், கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற களப்பின் ஓரம். அப்பா நண்டு வியாபாரி. விடியற்காலையில் தோணிக்காரர்களிடம் நண்டு வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிய மரப்பெட்டிக்குள் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, ஓட்டமாவடிச் சந்தைக்குக் கொண்டுபோவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சைக்கிளின் முன்பாரில் நான் இருப்பேன். பிள்ளையோடு போகிற ஆளை ஆமிக்காரர் பெரிதாக மறிக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மாவின் கணக்கில் நான் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எனக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு அது சவாரி.

கோளாறு அப்பாவின் அடையாள அட்டையில் இருந்தது. நான் பிறப்பதற்கு முந்திய வருசம், அட்டைக்குப் படம் எடுக்கவேண்டிய அன்றைக்கென்று அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. படிவம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வாழைச்சேனையில் ஸ்டூடியோக்காரர் கமராவுக்குள் பார்த்துவிட்டு, “வெத்திலையத் துப்பிப்போட்டு வாங்கண்ணே, படத்துக்கு வடிவில்ல” என்றாராம்.

“வெத்திலை இல்ல தம்பி, பல்லு.”

“அப்ப துப்ப ஏலாதுதான்” என்று சொல்லி அவர் படத்தை எடுத்துவிட்டார்.

அட்டை வந்து சேர்ந்தபோது பல்லும் போய்விட்டது, வீக்கமும் போய்விட்டது. அட்டையில் இருந்தவருக்கு இடது கன்னம் ஈரப்பலாக்காய் அளவு. இடது கண் பாதி மூடியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தவரோ கன்னம் இரண்டும் உள்ளே போன ஈர்க்குக்குச்சி. சண்டை இல்லாத காலத்தில் யாரும் அந்த அட்டையைக் கேட்கவில்லை. பிறகு சண்டை வந்தது, பாதையில் ஆமியின் சென்றி வந்தது. மண்மூட்டை, தகரக் கொட்டில், முள்ளுக்கம்பி, வரிசை.

முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள்.

“இது யாரு?” என்றான் ஆமிக்காரன், தெரிந்த கொஞ்சத் தமிழில்.

“நான்தான் சேர்.”

“இல்ல. இது வேற ஆள். இது கொழுப்பு ஆள்.”

அப்பா வாய்க்குள் காற்றை அடைத்து இடது கன்னத்தை ஊதிக் காட்டினார். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான், கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று நினைத்தான் போல. “பேர் சொல்லு” என்றான். பேரைச் சொல்ல வாய் திறந்ததும் கன்னம் போய்விட்டது. மறுபடி ஊதினார். மறுபடி பேர் கேட்டான். மறுபடி போய்விட்டது. அப்பா வெயிலில் நின்று ஊதுவதும் விடுவதுமாக ஒன்றரை மணித்தியாலம் போனது. நண்டுகளில் பாதி பெட்டிக்குள்ளேயே செத்துப்போயின.

அன்று அம்மா அட்டையை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தேங்காய் ஒன்றை உடைத்து, பருப்பில் ஒரு சொட்டு, அதாவது ஒரு துண்டு, கீறி எடுத்து, கத்தியால் ஓரம் செதுக்கி, “வாயத் திறவுங்க” என்றார். தேங்காய்ச் சொட்டு கன்னத்தின் வளைவுக்கென்றே வளைந்திருந்தது. அளவும் சரிதான், பக்கம்தான் பிழை. அப்பா அட்டைப் படத்தைக் கண்ணாடியோடு ஒத்துப்பார்த்து வலது பக்கம் வைத்திருந்தார்.

“இஞ்சருங்க, உங்கட இடது. எனக்கு நேரா நிண்டா வலது.”

“நீ ஏன் எனக்கு நேரா நிக்கிறா? இஞ்சால கிறுகி நில்லு.”

இந்த இடது வலதுச் சண்டை முடியவே அரைமணி நேரம் பிடித்தது. பிறகு ஒத்திகை. அம்மா அகப்பையைத் துவக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு ஆமிக்காரனாக நின்றார். “எங்க போற?” அப்பா, “ஹந்தைக்கு ஹேர்” என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்து ஒரு அடி வாங்கினான். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு ஒரு வேலை இருந்ததால் அடி விழவில்லை. சொட்டைச் சுமக்கும் வேலை எனக்கு. வழி முழுக்க வாயில் வைத்திருந்தால் அப்பா தெரியாமல் சப்பி விழுங்கிவிடுவார். அதனால் வாழையிலைத் துண்டில் சுற்றி என் கையில் தருவார்கள். சென்றிக்கு முந்திய வளைவில் இறங்கி, நான் கொடுக்க, அவர் வாய்க்குள் வைக்க வேண்டும்.

மாதக்கணக்காக அது பிழையில்லாமல் நடந்தது. ஆமிக்காரர் அட்டையைப் பார்ப்பார்கள், கன்னத்தைப் பார்ப்பார்கள், “ஹரி, யன்ன” என்று கையைக் காட்டுவார்கள். அதாவது, சரி, போ.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் காலைச் சாப்பாடு பிந்தி, வெறும் தேத்தண்ணியோடு கிளம்பிவிட்டோம். மூன்று மைல் போனதும் எனக்குப் பசி வந்தது. இலையைப் பிரித்து ஓரத்தில் ஒரு கடி கடித்தேன். கடித்த பக்கம் கோணலாகத் தெரிந்தது. மற்றப் பக்கத்தையும் கடித்துச் சமப்படுத்தினேன். இப்போது மேல்பக்கம் துருத்தியது. வளைவுக்கு வந்து அப்பா கையை நீட்டியபோது இலையில் நகமளவு மிச்சம் இருந்தது.

“எங்க புள்ள சொட்டு?”

“இதுதான் அப்பா.”

அப்பா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏச நேரமில்லை. வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். திரும்பிப் போனால் ஆமிக்காரருக்குச் சந்தேகம் வரும். பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு கொய்யாக்கொப்பு நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா எட்டி ஒரு காயைப் பிடுங்கி, சாரத்தில் துடைத்து, வாய்க்குள் திணித்தார். முதலில் போகவில்லை. பிறகு ‘பொளக்’ என்று போனது. போனது போனதுதான், இனி வெளியே வருகிற எண்ணம் அதற்கு இல்லை. கண்ணும் தானாகப் பாதி மூடிக்கொண்டது. அட்டைப் படத்தை இவ்வளவு அச்சொட்டாக அவர் ஒருநாளும் ஒத்திருந்ததில்லை.

சென்றியில் அன்று ஒரு வயதான ஆமிக்காரர் நின்றார். அட்டையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்பாவின் கடைவாயால் வடிகிற எச்சிலைத்தான் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் இளகிவிட்டது. தன் கன்னத்தில் கையை வைத்து, “தத் கெக்குமத?” என்றார். பல்வலியா என்று கேட்கிறார் என்பது கையிலேயே விளங்கியது. அப்பா தலையை ஆட்டினார். ஓம் என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் ஆட்டினார். அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு, “வா, மருந்து” என்று அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் ஊரில் அந்தக் கொட்டிலுக்குள் போன இரண்டு பேர் அதுவரை திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியும். வாயில் தேங்காய் ருசி இருந்தது. அழத் தொடங்கினேன்.

உள்ளே ஒரு சத்தம். பிறகு நான்கைந்து பேர் ஒரேயடியாகக் கத்தினார்கள். மருந்து கட்டுகிறவர் அப்பாவின் வாயைத் திறக்கவைத்து டோர்ச் அடித்திருக்கிறார். உள்ளே பச்சையாக ஏதோ உருண்டையாகத் தெரிந்திருக்கிறது. அந்த நாட்களில் வாய்க்குள் சயனைட் குப்பி ஒளித்துவைக்கிற இயக்கக்காரரைப் பற்றிச் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லோரும் துவக்கைத் தூக்கிவிட்டார்கள்.

நான் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினேன். சைக்கிள் விழுந்தது, பெட்டி திறந்தது, நண்டுகள் சென்றிக்குள் நாலா பக்கமும் நடந்தன. “நான்தான் திண்டுட்டன்! அப்பா ஒண்டும் செய்யல்ல! சொட்ட நான்தான் திண்டுட்டன்!” என்று கத்தினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. வரிசையில் நின்ற, ரொட்டி விற்கிற ஓட்டமாவடிப் பாண்காரருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம், அங்கே அண்ணனுக்கு அதுதான் பேர். அவரைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார்கள். நான் விக்கி விக்கிப் படம் எடுத்ததிலிருந்து கொய்யாக்காய் வரை சொன்னேன்.

அவர் குனிந்து என் காதருகே, “மகள், இத நான் அப்படியே சொன்னா என்னையும் சேர்த்துக் கட்டிப்போடுவானுகள். வேற கதை ஒண்டும் இல்லையா?” என்றார்.

“இல்ல காக்கா. இதுதான் நடந்த.”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே இடையில் சிரிப்பு வந்துவிட்டது. வயதானவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மருந்து கட்டுகிறவர் குறட்டால் இழுத்தெடுத்த கொய்யாக்காயைப் பிளந்து பார்த்தார், உள்ளே கொட்டைதான். இதற்குள் ஒரு நண்டு மண்மூட்டைப் பக்கம் நின்ற இளம் ஆமிக்காரனின் சப்பாத்து நாடாவைப் பிடித்துக்கொள்ள, அவன் ஒற்றைக் காலில் துள்ள, எங்கிருந்து தொடங்கியதோ தெரியாது, எல்லோரும் சிரித்தார்கள். அட்டை கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவனும் பார்த்துவிட்டுக் கன்னத்தை ஊதிப் பார்த்தான். காக்கா தன் பாணை எடுத்துக்கொண்டு நேரத்தோடு நழுவிவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மருந்து கட்டுகிறவர் மட்டும் டோர்ச்சை அணைக்கவில்லை. பல்லுப் பிடுங்குகிற குறடும் கைக்கு வந்துவிட்ட பிறகு சும்மா போக மனமில்லை போலும். தேடியதில் வலது பக்கம் உண்மையிலேயே சூத்தைப் பல் ஒன்று இருந்தது. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டார். பிறகு ஒரு தாளில் சிங்களத்தில் ஏதோ எழுதி, கையெழுத்து வைத்து, அட்டையோடு சேர்த்துத் தந்தார். ஆமிக்காரர்கள் பொறுக்கித் தந்ததில் நண்டு எட்டுக் குறைந்தது. அதைப் பற்றி நாங்கள் விசாரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பாவுக்கு வாய் நிறையப் பஞ்சு. நான் முன்பாரில் இருந்தபடி, “அப்பா, கோபமா?” என்று கேட்டேன். அவர் தாடையை என் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் அவருக்கு வலது கன்னம் வீங்கிவிட்டது. அட்டையில் இடது. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த மனிசன் ஒருக்காலும் ஒரு பக்கம் நிக்கமாட்டார்” என்று தலையில் கைவைத்தார். வீக்கம் வற்றும்வரை சந்தை இல்லை. விற்காத நண்டை ஐந்து நாள் நாங்களே தின்றோம். ஆறாம் நாள் தம்பி நண்டைக் கண்டாலே அழுதான்.

அந்தத் தாளை அம்மா பொலித்தீனில் வைத்துத் தைத்து, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ‘இந்த ஆள் இவர்தான், கன்னம் மட்டும் வேறு’ என்று ஆமிக்காரர் கொடுத்த கடிதம் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. அதன் பிறகு தேங்காய்ச் சொட்டே தேவைப்படவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாக அப்பா அட்டையோடு அதையும் நீட்டுவார். புதிதாக மாறி வந்தவர்களும் வாசித்துவிட்டு, தலையைச் சொறிந்துவிட்டு, சில வேளை சிரித்துவிட்டு, போகச் சொன்னார்கள்.

பிறகொரு நாள் பாண்காரக் காக்கா எங்கள் ஊர்ப்பக்கம் வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்து, பெருமையாகக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“தங்கச்சி, இதில ஒரு பல்லுப் புடுங்கினது எண்டு எழுதிக் கிடக்கு. வெள்ளைக் குளிசை ரெண்டு, ஒரு நாளைக்கு மூணு தரம். உப்புத் தண்ணியில கொப்புளிக்கட்டாம்.”

அம்மா கடிதத்தை மெல்ல வாங்கி, முந்தானையால் துடைத்து, திரும்பவும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

காக்கா போன பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னார்: “பாவம், நல்ல மனிசன். கண்ணாடி மாத்த வேணும் அவருக்கு.”