முன் சீட்டுப் பெரியப்பா

எங்கள் வீட்டுக் காரின் முன் சீட்டு பெரியப்பாவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அப்பா பின்னால் ஏறுவார். அப்பாவுக்கு அறுபது வயது. இன்றுவரை அண்ணன் முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. எனக்கு முப்பத்திரண்டு. வண்டி ஓட்டுவது நான்தான். எங்கே திரும்புவது என்பது மட்டும் எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். பெண் வீடு நாகமலை புதுக்கோட்டையில். ஜாதகம் பொருந்தியதிலிருந்து மூன்று வாரமாக நானும் அவளும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வந்துருங்க" என்று அன்று காலையிலும் சொன்னாள்.

காளவாசல் சிக்னலில் என் போன் மேப், பெண் குரலில், இடது பக்கம் திரும்பச் சொன்னது.

"நேரா விடு. பரவை வழியாப் போனாச் சுருக்கு. நான் சைக்கிள்லயே போயிருக்கேன்" என்றார் பெரியப்பா.

போன் மறுபடியும் இடது என்றது. எங்கள் குடும்பத்தில் அவரை எதிர்த்துப் பேசிய முதல் பெண் குரல் அதுதான்.

"பெரியவுக பேசும்போது என்னடா குறுக்க? அதை அமத்து" என்றார் அப்பா. மேப்பை அமத்தினேன்.

பரவைக்கும் அவள் ஊருக்கும் நடுவே நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் மரியாதையாகப் போய்ப் பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காய லாரிக்குப் பின்னால் நின்றோம். அவள் போனில் கூப்பிட்டாள். "வாரோம், வந்துக்கிட்டே இருக்கோம்" என்றேன். அப்புறம் ஒரு மண்பாதை, அது முடிந்த இடத்தில் மலையடிவாரம். மலை எழுந்து பெரியப்பாவுக்கு வழிவிடவில்லை. அதற்கு அவர் யாரென்று தெரியாது போலிருக்கிறது.

மணி பத்து இருபத்தைந்து. பெரியப்பா மலையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார்.

"போற வழியே தடங்கலா இருக்கு. சகுனம் சரியில்ல. இந்த இடம் நமக்கு வேணாம்."

"அண்ணே சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றார் அப்பா.

இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். "சரிங்க பெரியப்பா" என்றுதான் வந்தது. வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

மாலையில் அவளுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பெரியப்பாவின் பிடிவாதம், அப்பாவின் பயம், சகுனம், ஒன்றையும் விடவில்லை. ஒரு வாரம் பதிலே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பெரியப்பா என் தோளில் கைபோட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? என் பேச்சைத் தாண்ட மாட்டான்" என்று நாலு பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கைகட்டி நின்று சிரித்தேன். அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து ஒரே வரி.

"வண்டிய ஓட்டுனது நீங்கதானே?"