மூன்றாவது மோட்டார்

டிராயிங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டிய அன்றே நான் ஓடியிருக்க வேண்டும். கோயமுத்தூரில் கணபதி பக்கம் பம்பு மோட்டார் செய்யும் சின்னக் கம்பெனி அது. தொண்ணூறுகளின் நடுவில், டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தேன். ஒரு பாகத்தின் அளவு மாறினால் புதுப் படம் வரைந்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய பிரிண்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பழைய பிரிண்டை எவன் திருப்பிக் கொடுத்தான்? ஒன்று லேத்துக்காரரின் டீ கிளாசுக்கு அடியில் கிடக்கும். இன்னொன்று வடையைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் குடிக்கும். அதையெல்லாம் பிடுங்கிவிட்டாலும் ஃபோர்மேன் மண்டைக்குள் ஒரு படம் இருக்குமே, அதை எந்தக் கையால் பிடுங்குவது?

அசெம்பிளி முழுவதும் அந்த ஃபோர்மேன் பொறுப்பு. என் அப்பா வயது. "நீங்க காயிதத்துல போடுங்க அம்மணி, நாங்க இரும்புல போட்டுக்கறோமுங்க" என்பார். அவ்வளவு மரியாதை! எங்கள் பக்கத்து மரியாதையில் உள்ள கொடுமையே இதுதான். சொன்னதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டு நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் மோட்டாரின் மாடலை மாற்றினோம். பழைய மோட்டார் நல்ல கனமான வார்ப்பு, பின்னால் விசிறி கிடையாது. புதியதில் கனத்தைக் குறைத்து, சூட்டைத் தள்ளப் பின்பக்கம் ஒரு விசிறி வைத்தோம். விசிறிக்கு மேலே ஓட்டை ஓட்டையாய் ஒரு மூடி. அந்த ஓட்டை வழியாகத்தான் அது மூச்சு விட வேண்டும். விசிறிக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதற்காக மட்டும் நான் மூன்று தடவை படம் மாற்றி, மூன்று தடவை தொண்டை கிழியக் கத்தியிருந்தேன்.

அப்போதுதான் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வாழை விவசாயி எரிந்துபோன மோட்டாரோடு டெம்போவில் வந்து இறங்கினார். அது அவருக்கு நாங்கள் கொடுத்த இரண்டாவது மோட்டார். முதலாவதும் எரிந்துதான் திரும்பி வந்திருந்தது.

"வாழை தாரு தள்ற நேரமுங்க," என்றார். "பக்கத்துத் தோட்டத்துக்காரரு ரெண்டு தண்ணி உட்டாருங்க. மறுக்காப் போயி கேக்க வாய் வரமாட்டீங்குதுங்க. இன்னொண்ணும் எரிஞ்சா தோட்டத்த மறந்துர வேண்டியதுதானுங்க."

குரலை உயர்த்தவே இல்லை மனுஷன். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்ன பண்ணுவீங்களோ தெரியாதும்மா, மூணாவது எரியக்கூடாது" என்றார்.

எரிந்த இரண்டையும் பிரித்தேன். ஃபோர்மேன் பழைய படத்தைப் பார்த்துத்தான் மாட்டியிருப்பார், இன்றைக்கு இருக்கிறது அவருக்கு என்று அளந்தால், விசிறி சரி, இடைவெளி சரி, மூடி சரி. ஆயுளில் ஒரு தடவை டிராயிங்படி செய்திருக்கிறார், அதுவும் நான் சண்டைக்குக் காரணம் தேடும் நேரம் பார்த்து! எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

மூன்றாவது மோட்டாரைச் சூட்டுச் சோதனைக்கு ஏற்றினோம். முழு லோடில் மணிக்கணக்காக ஓட்டி, சூடு ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. விவசாயி ஸ்டூல் போட்டு மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் சூடு ஏறுவது நின்றது. அப்பாடா என்று சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தெர்மாமீட்டர் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் மேல் சொட்டச் சொட்ட ஒரு ஈரச் சாக்கு! பின்மூடியோடு அது அப்பிக்கொண்டு, ஒரு பொட்டுக் காற்று உள்ளே போக வழியில்லை.

"யாருங்க இதப் போட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் லேத்துகள் நின்றன.

விவசாயி எழுந்து நின்றார். "நாந்தானுங்க. தொட்டுப் பாத்தேன், கொதிக்குதுங்க. பாவமா இருந்துச்சு. தோட்டத்துலயும் இப்படித்தானுங்க போடறோம். மாட்ட வந்தப்ப அவருதானுங்களே சொல்லிட்டுப் போனாரு?"

அவர் கை காட்டிய இடத்தில் ஃபோர்மேன் நின்றிருந்தார்.

"ஏனுங்ணா, நீங்களா சொன்னீங்க?"

"ஆமாங்க அம்மணி. சூடானா நனஞ்ச சாக்கு போடறது எப்பவும் பண்றதுதானுங்களே?"

"அது விசிறி இல்லாத மோட்டாருக்குங்ணா! இது பின்னால மூச்சு வாங்கற மோட்டாரு! உங்க கையாலதான மூடி மாட்டுனீங்க?"

"மாட்டுனேனுங்க. நீங்க டிராயிங்க மாத்துனீங்க, மாட்டிப்போட்டேன். சாக்கப் பத்தி அதுல ஒண்ணும் போடலீங்களே?"

தலையில் அடித்துக்கொண்டேன். சாக்குக்கும் ஒரு டிராயிங் போட வேண்டும் என்று எந்தப் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சாக்கை எடுத்ததும் சூடு இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. இந்தத் தடவை இரண்டு பேருமே போய் மாட்டிவிட்டு வாருங்கள் என்று முதலாளி அனுப்பினார். கம்பெனி வேனில் மோட்டார், விவசாயி, ஃபோர்மேன், நான். "கை வெக்க முடியாத சூடா இருந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க, மேல எதையும் போட்றாதீங்க" என்று வழி நெடுக விவசாயியிடம் ஓதிக்கொண்டே போனேன். அவரும் சளைக்காமல் "செரிங்க" என்றுகொண்டே வந்தார். ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான்.

தோட்டத்தில் கிணற்று மேட்டை ஒட்டிய வாழை மட்டும்தான் பச்சையாய் நின்றது. அதற்கு அப்பால் இலையெல்லாம் மஞ்சளாகி மடிந்து தொங்கியது. சில மரங்கள் தாரோடு சாய்ந்து கிடந்தன. ஃபோர்மேன் மோட்டாரைப் பம்போடு சேர்த்து முறுக்கினார். சுவிட்ச் போட்டதும் தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து விவசாயியின் மனைவி ஓடி வந்தார். செருப்பில்லாத கால். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டும் சாக்குகள்.

"இந்தத் தடவ ரெண்டா நனச்சுட்டு வந்துட்டனுங்க," என்றார் என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

"அத அக்கட்டப் போடு," என்றார் விவசாயி. "அதனாலதான் எரிஞ்சுதாம்."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஃபோர்மேன் எழுந்து போய் அவர் கையிலிருந்து சாக்குகளை வாங்கிக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்லீங்க. மோட்டார் மாறிப்போச்சுங்க. நாந்தான் பழைய நெனப்புல சொல்லிப்போட்டேன்."

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன். வந்தபோது எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. அந்த அம்மா ஃபோர்மேனைப் பார்க்கவில்லை, சாய்ந்து கிடந்த வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல மணிக்கொருக்கா ஓடியாந்து நனச்சனுங்களே," என்றார். "ஒருக்காக்கூடக் காய உடலீங்களே."