வாறன் என்றால் நிற்க வேண்டும்

கஜந்திக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காது. கிளிவெட்டியில் அவளைத் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவளுடைய நல்ல குணங்களை, நேரமிருந்தால், பிறகு சொல்வார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். மெஷின் சத்தம் நித்திரையிலும் கேட்கிறது என்று வந்துவிட்டாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து அமைதிப்படுத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் அமைதியானார்கள், அவளால்தான் முடியவில்லை. திருகோணமலை டவுனில் ஒரு மருந்துக்கடையில் நின்றபோது முதலாளியோடு வாய்த்தர்க்கம். முப்பத்தாறு வயதில், வீட்டார் அவளைக் கைகழுவிவிட்டிருந்த சமயத்தில், முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினாள்.

"இதையாவது முடிப்பியோ?" என்று தாய் குணேஸ்வரி கேட்டாள். கேட்டதில் பிழையில்லை.

வகுப்பு டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படிப்பித்தவர் நஜ்முன் நிஸா. கிண்ணியாக்காரர், ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மிஸி என்றே கூப்பிட்டார்கள். படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் எப்படிக் காப்பது, விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குக் கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது என்று அவர் சொல்லித்தந்த கைவேலை அத்தனையும் கஜந்திக்கு விறுவிறென்று பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றுதான்.

"கஜந்தி, கதிரையில இருந்து கதைங்க," என்று மிஸி நாளுக்கு நாலு தடவை சொல்வார். "நீங்க நிண்டுகொண்டு கதைச்சா, நீங்க போகப்போறீங்க எண்டுதான் அவங்களுக்கு விளங்கும்."

வகுப்பு முடிந்ததும் வீட்டுப் பயிற்சி. ஆளுக்கொரு வீடு. அங்கே ஒழுங்காக வேலை செய்து காட்டினால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் ஏதாவதொரு கிளினிக்கில் வேலை. கஜந்தி டவுனிலேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்த வீடு துறைமுகத்துக்குக் கிட்ட, கடல் தெரியாத ஆனால் கடலின் சேற்று மணம் வந்துகொண்டேயிருக்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. அங்கேதான் யோசேப் ஐயா இருந்தார்.

யோசேப் ஐயா மூதூர் லோஞ்சில் கயிறு பிடித்தவர். மூதூருக்கும் டவுனுக்கும் இடையில் சனத்தை ஏற்றிப் போய்வந்த படகு அது. துறையில் அதைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் வேலை. இப்போது எண்பது தாண்டிவிட்டது. உடம்பு பரவாயில்லை, ஞாபகம்தான் கரைந்துகொண்டு போகிறது. மகள் றீற்றா அக்கா உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் வரைக்கும் ஐயா கஜந்தியின் பொறுப்பு.

பகல் முழுக்க அவரால் ஒரு கரைச்சலும் இல்லை. முகம் வழிப்பார், சோறு சாப்பிடுவார், கஜந்தியோடு கதைப்பார். கஜந்தி வெளிக்கிட்டதும்தான் வினை. ஒரு நைலோன் கயிற்றை எடுத்து விறாந்தைத் தூணில் சுற்றிக் கட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நிற்பார். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் தள்ளிவிடுவார். பொழுதுபட்டும் நிற்பார், கால் நடுங்கும்வரை நிற்பார். றீற்றா அக்கா குசினிக்குள் போய் வருவதற்குள் கயிற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். கடற்படைப் பொடியன்கள் இரண்டு தடவை அவரைத் துறையடியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"இன்னொருக்கா வெளிக்கிட்டாரெண்டா நான் மட்டக்களப்பில சிஸ்டர்மாரிட முதியோர் இல்லத்தில விட்டிடுவன், பிள்ளை," என்றார் றீற்றா அக்கா. "லொறியில அடிபட்டுச் சாகவிடச் சொல்லுறீங்களோ? என்னால ஏலாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஞாபகம் குறைந்தவரைப் புது ஊரில் கொண்டுபோய் விட்டால் மிச்சமிருக்கிறதும் சரிந்துவிடும் என்று மிஸி வகுப்பில் சொல்லியிருந்தார். இந்த மனுசன் தன் மகளின் பெயரையே சில நாட்களில் மறந்துவிடுகிறார். கடல் மணத்தை மட்டும்தான் மறக்கவில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்னதான் இருக்கும்?

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பொழுதுசாய்கிற நேரத்தில் இப்படியானவர்களுக்கு மனம் குழம்பும் என்று படித்திருந்ததால், நேரத்துக்கே லைற்றைப் போட்டாள், ரேடியோவைப் போட்டாள். அவருடைய கட்டில் முன்னறையில், வாசலைப் பார்த்தபடி கிடந்தது. அதைக் காற்றோட்டமான பின்னறைக்கு மாற்றினால் வாசல் கண்ணில் படாதே என்று கேட்டாள்.

"அது தம்பிட அறை," என்றார் றீற்றா அக்கா. தம்பி பிரதீபன் பிரான்சில் இருந்தான். "அவன் வரேக்க எங்க படுக்கிறது?" பின்னறை பூட்டியே இருந்தது. கிழமைக்கொரு தடவை திறந்து, கூட்டி, மறுபடி பூட்டுவார்.

ஒரு நாள் கஜந்தி, பயிற்சி எப்படிப் போகிறது என்று மிஸியிடம் சொல்ல, மத்தியானமே வெளிக்கிட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கேற்றடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், உச்சி வெயிலில் ஐயா கயிற்றோடு நிற்கிறார். பொழுதும் சாயவில்லை, ஒன்றும் சாயவில்லை. அவள் திரும்பி ஓடிவந்தாள்.

"ஆரைப் பாக்கிறீங்க, ஐயா?"

"ஒரு பிள்ளை. வாறன் எண்டவ." கண் ஒழுங்கையில்தான் இருந்தது. "வாறன் எண்டு ஒராள் சொன்னா நிக்கோணும். விட்டிட்டு லோஞ்சை எடுக்கேலாது."

கஜந்திக்கு உச்சந்தலையில் அடித்தது போலிருந்தது. அந்தப் பிள்ளை அவள்தான். நம்மூரில் யார் வீட்டிலிருந்து இறங்கினாலும் "வாறன்" என்றுதானே இறங்குவோம்? அவளும் நாள்தோறும் "வாறன் ஐயா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அதுவும் நின்றபடி, செருப்பை மாட்டியபடி. அவளுக்கு அது விடைபெறுகிற சொல். அவருக்கோ, தூரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற ஒருத்தி லோஞ்சைப் பிடித்துவைக்கச் சொல்லிக் கத்துகிற சொல். அவள் கொடுத்த சொல்லுக்காகத்தான் மனுசன் சாப்பிடாமல் நின்றிருக்கிறார்.

மிஸியிடம் சொன்னபோது மிஸி முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அப்ப போறன் எண்டு சொல்லிப் பாருங்க."

"ஐயோ மிஸி! ஒரு வருத்தக்காரர்ட வாசலில நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லுறதோ? அம்மா கேட்டா எனக்கு வாயில போடுவா."

"எங்கட ஆக்களும் சொல்ல மாட்டாங்கதான்," என்றார் மிஸி. "ஆனா அவர் உங்களால நிக்கிறாரே."

கஜந்தி சுற்றிவளைத்துப் பார்த்தாள். "நாளைக்குச் சந்திப்பம்" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நின்றார். "பாய் ஐயா" என்றாள். பாய் குசினிக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது, எடு என்றார். ஒன்றும் சொல்லாமல் நழுவிப் பார்த்தாள். வீடு முழுக்கத் தேடி, கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தாராம். அன்று இரவு அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் "வாறன்" என்றுதான் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தாள். கையைப் பிடித்தாள்.

"ஐயா, நான் போறன்."

அவர் அவளைப் பார்த்தார். "வரேல்லையோ?"

"நான் வரேல்ல. நீங்க லோஞ்சை எடுங்க."

"சரி," என்றார். எழுந்து தூணடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, அழகாக வளையம் வளையமாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். பிறகு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்.

வாசலில் றீற்றா அக்கா நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறீங்க, பிள்ளை? எங்கட வீட்டு வாசலில, அந்த மனுசனுக்கு முன்னால, போறன் எண்டோ?" கஜந்தி, ஐயா குடிப்பதைக் கையால் காட்டினாள். றீற்றா அக்கா பையைத் தோளிலிருந்து இறக்க மறந்து, அவர் கோப்பையைக் காலியாக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு பின்னேரங்கள் அடங்கின. கஜந்தி துள்ளிக் குதிக்காத குறை. அந்தச் சந்தோஷம் ஞாயிறு வரைக்கும்தான்.

ஞாயிறு அவளுக்கு லீவு. அன்று பின்னேரம் போன் அடித்தது. "பிள்ளை, அப்பாவைக் காணேல்ல." றீற்றா அக்காவின் குரலில் உயிரே இல்லை. கஜந்தி கையில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நேற்றும் முந்தாநாளும் அமைதியாக இருந்தவருக்கு இன்று என்ன வந்தது? அவள் இன்று அந்தப் பக்கமே போகவில்லையே!

பழைய இறங்குதுறையின் கம்பி வேலியடியில் ஐயா நின்றார். கயிற்றை வேலிக்கம்பியில் கட்டியிருந்தார். காவலுக்கு நின்ற கடற்படைப் பொடியன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தான், அவர் வாங்கவில்லை. றீற்றா அக்கா பக்கத்தில் நின்று அழுதார்.

"ஐயா, நான் வரேல்லயெண்டு சொன்னனான்தானே? எடுங்க," என்றாள் கஜந்தி.

"நீங்களில்ல, பிள்ளை. நீங்க சொல்லிப்போட்டீங்க." அவருக்குக் கோபம் வந்தது. "ஒருத்தன். வாறன் எண்டவன்."

எண்டவன். கஜந்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இண்டைக்கு வீட்டுக்கு ஆரும் ஆம்பிளையள் வந்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்ல. தம்பி மட்டும் கோல் எடுத்தவன், வழமையா ஞாயிறு..." றீற்றா அக்கா அந்த இடத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் பிரதீபன் போனில் முகம் காட்டிக் கதைப்பான். ஒவ்வொரு ஞாயிறும் "வாறன் அப்பா" என்று சொல்லித்தான் வைப்பான். போனை வைக்கிறதுக்கு வேறு சொல் நம்மிடம் எங்கே இருக்கிறது?

அவரை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கால் கழுவிவிட்ட பிறகு, குசினிக்குள் வைத்து கஜந்தி கெஞ்சினாள். "ஒரு ஞாயிறு மட்டும் பொறுங்க அக்கா. தம்பியிட்டக் கேளுங்க."

"என்னத்தைக் கேக்கிறது? வரமாட்டன் எண்டு பெத்த தகப்பனிட்டச் சொல்லெண்டோ? அவன்ட விசா வழக்கு இன்னும் முடியேல்ல. வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது. அவன் வருவன், வருவன் எண்டு..." முடிக்கவில்லை. "சரி. ஒரு ஞாயிறு. பிறகு நான் மட்டக்களப்புக்குக் கதைப்பன்."

அந்தக் கிழமை முழுக்கக் கஜந்திக்கு யோசனைதான். அன்னியக் குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டோமோ என்று ஒரு யோசனை. அந்தப் பொடியன் சொல்லமாட்டான் என்று இன்னொரு யோசனை. அவள் எத்தனையோ வேலையை ஒரு சொல்லோடு உதறிவிட்டு வந்தவள். இந்த வேலையிலிருந்து ஓடிவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதுவே அவளுக்குப் புதினமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் விறாந்தையில் இருந்தார்கள். கஜந்தி உண்மையாகவே கதிரையில் இருந்தாள். போனில் பிரதீபன் வந்தான். தாடி விட்டிருந்தான், பின்னால் சாம்பல் நிறச் சுவர். குளிரைப் பற்றிச் சொன்னான். "சாப்பிட்டியோ?" என்று ஐயா கேட்டார். சாப்பிட்டேன் என்றான். பிறகு கதை தீர்ந்தது. ஐயாவின் கை கயிற்றைத் தேடிப் போய்த் தூணில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"சரி அப்பா..." என்றான் பிரதீபன். மிச்சம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். றீற்றா அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"அப்பா, நான் வரேல்ல."

"வரேல்லையோ?"

"இல்லையப்பா. எனக்காக நிக்க வேண்டாம். நீங்க எடுங்க."

ஐயா போனில் தெரிந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். யாரென்று தெரிந்து பார்த்தாரோ, தெரியாமல் பார்த்தாரோ, கஜந்தியால் சொல்ல முடியவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி," என்றார் மெதுவாக. "எவ்வளவு நேரம் நிக்கிறன். சனமெல்லாம் வெயிலுக்க நிக்குது."

கயிற்றை அவிழ்த்தார். வளையமாகச் சுற்றினார். மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தார். போனுக்குள் பிரதீபன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். றீற்றா அக்கா போனை கஜந்தியின் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கஜந்திக்கும் கண் நிறைந்துவிட்டது. "அவர் நல்லா இருக்கிறார் தம்பி, இந்தா பாருங்க," என்று அவரையே காட்டிக்கொண்டிருந்தாள்.

றீற்றா அக்கா தேத்தண்ணியோடு வருவார் வருவார் என்று பார்த்தாள், வரவில்லை. ஐயா கண் அயர்ந்த பிறகு உள்ளே போனாள். பின்னறை திறந்திருந்தது. றீற்றா அக்கா தம்பியின் கட்டிலில், விரித்துத் தயாராக வைத்திருந்த துணியின் மேல் பூட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அப்பா மட்டும் நிக்கேல்ல, பிள்ளை," என்றார். "நானும்தான் நிண்டிருக்கிறன்."

கஜந்தி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். எழும்ப அவசரப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் றீற்றா அக்கா முகத்தைத் துடைத்தார். ஜன்னலைத் தள்ளித் திறந்தார். சேற்று மணத்தோடு காற்று உள்ளே வந்தது. "நாளைக்கு அப்பாட கட்டிலை இஞ்ச மாத்துவம். தனிய என்னால தூக்கேலாது. நீங்க கொஞ்சம் நேரத்தோட வரேலுமோ?"

"ஓம் அக்கா."

கேற்றடி வரைக்கும் றீற்றா அக்கா கூட வந்தார். கஜந்தி திரும்பி விறாந்தையைப் பார்த்தாள். ஐயா நல்ல நித்திரை. அப்படியும் அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, குரலைத் தாழ்த்தி, "வாறன் அக்கா," என்றாள்.