எக்ஸ்ரே அக்கா வாங்கிய வீடு

சட்டையின் கையை உட்புறம் வெளியே வரப் புரட்டி, தையல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு இழு இழுக்கிறார். நூல் விடும் மெல்லிய சத்தம் வந்தால் இடதுபக்கக் கூடை, வராவிட்டால் வலதுபக்கம். அறுபது மெஷின்கள் இரையும் கூடத்தில் அந்தச் சத்தம் எங்களில் வேறு யாருக்கும் கேட்பதில்லை.

எங்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் எக்ஸ்ரே அக்கா. எதிர் மேஜையில் நான் ஒன்பது வருடமாகச் சட்டை புரட்டுகிறேன். அவருடைய வேகத்தில் பாதி இன்னும் எனக்கு வரவில்லை. யாராவது புதுச் செருப்பு போட்டு வந்தால், "கழட்டிக் குடு, பார்ப்போம்" என்று அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்த பிறகுதான் நல்ல வார்த்தை சொல்வார். காய்கறிக் கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே கூடையைக் கவிழ்த்துவிடுவார். "நீங்களே பொறுக்குங்க தாயி, எனக்கு வாயி வலிக்குது." மகளைக் கட்டிக்கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் சட்டைக் காலரை மடித்துப் பார்த்தவர் இவர். "முகம் நடிக்கும். காலர் நடிக்காது" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வீட்டை நேரில் பார்க்காமல் வாங்கினார்.

காரணம் அவருடைய கண்கள்தான். மூன்று வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இனிமேல் கண்ணாடியாலும் ஆகாது, உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அக்கா மேனேஜர் காதுக்குப் போகாமல் மறைத்து வைத்திருந்தார். "கண்ணு போனா என்னை எவன் வச்சுக்குவான்? அதுக்குள்ள மாசா மாசம் வாடகை வர்ற மாதிரி ஒண்ணு பண்ணிக்கணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நாங்கள் இருக்கும் ஊரில் அவர் சேமிப்புக்கு ஒரு மாடிப்படிகூடக் கிடைக்காது. பத்து மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் வீடு இருப்பதாகத் தரகர் ஒருவர் போனில் சொன்னார். ஆள் குடியிருக்கும் வீடு, வாங்கிய மாதமே வாடகை. ஆனால் எங்களுக்கு ஏற்றுமதி நேரம், லீவு கிடையாது. அக்காவின் கணவர் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். "மேடம், இன்னொரு பார்ட்டி ரெடியா நிக்கிறாங்க. உங்களுக்காகத்தான் தள்ளிட்டு வர்றேன்" என்றார் தரகர்.

கேன்டீனில் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா வீடியோ காலிலேயே வீடு பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "தம்பி, குழாயைத் திற. மூடாத, ஓடட்டும். கூரை மூலையைக் காட்டு. அந்தக் கறை என்ன? தொடைச்சுக் காட்டு. சுவத்தைத் தட்டு, கேக்குறேன்." கடைசியில் தரை மட்டமாக இருக்கிறதா என்று எலுமிச்சம்பழத்தை உருட்டச் சொன்னார். அது உருளாமல் நின்றது. "மேடம், நீங்க இன்ஜினியரா?" என்று தரகர் கேட்டார். அக்கா சிரித்தே விட்டார். பத்திரத்தை வக்கீல் ஒருவர் பார்த்தார், குறை சொல்லவில்லை. அவருக்கே அதிகாரம் எழுதிக் கொடுத்து, பதிவும் அங்கேயே முடிந்தது.

"புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குவே. வீட்டைப் போன்லயே எடுத்துட்டியா?" என்றார் கணவர்.

"நாலு தடவை பார்த்தாச்சு, விடுங்க."

நான்கு மாதம் தரகர் மூலம் வாடகை ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் வரவில்லை. ஆறாம் மாதம் தரகரின் எண் அணைந்துவிட்டது. அந்த வாரம்தான் பட்டன் இல்லாத ஒரு சட்டையை அக்கா வலதுபக்கக் கூடையில் போட்டார். நான் சத்தமில்லாமல் எடுத்து இடதுபக்கம் வைத்தேன். நான் எடுத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை கெளம்புறேன். என்கூட வர்றியா?"

பஸ்ஸில் அவர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. வெளியே நன்றாக விடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படி ஒரு தெருவே இல்லைன்னா?"

தெரு இருந்தது. கதவு எண் இருந்தது. வீடும் இருந்தது. அக்கா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். அப்போதுதான் அதைப் பார்த்தோம். வீட்டின் பக்கவாட்டுச் சுவரில், கூரையிலிருந்து தரைவரை, சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. அதிலிருந்து தெருவை நோக்கி ஒரு அம்புக்குறி. எதிர் வரிசையிலும் வீட்டுக்கு வீடு அதே கோடு. சாலை அகலமாகிறது. கோட்டுக்குத் தெருப்பக்கம் இருப்பது எல்லாம் போய்விடும். அக்காவின் வீட்டில் அது முன் அறை முழுவதும்.

கதவைத் திறந்தவர், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா. இடுப்பில் ஒரு குழந்தை. முன் அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள். அக்காதான் வீட்டுக்காரர், இரண்டு மாதமாக வாடகை வரவில்லை என்று தெரிந்ததும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"வாடகையை அந்தத் தரகர் தம்பிகிட்டதானே குடுத்துட்டு இருக்கேன்! போன மாசம்கூட வாங்கிட்டுப் போனாரே!"

"இந்தக் கோடு எப்போ போட்டாங்க?"

"ஒரு வருஷம் இருக்கும். உங்களுக்குச் சொல்லலையா?"

ஒரு வருடத்துக்கு முன்பு அக்கா இந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அந்த அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்களைக் காலி பண்ணச் சொல்லிருவீங்களா? இந்த வீட்டை நம்பித்தான் நாலு தெருக்காரங்க பிள்ளைய விட்டுட்டுப் போறாங்க."

அக்கா உள்ளே போனார். சமையலறை, பின் அறை, குளியலறை எல்லாவற்றையும் சுற்றி வந்தார். திரும்பி வந்து, "இங்க நல்ல மேஸ்திரி யாராவது தெரியுமா?" என்று கேட்டார். காலி பண்ணச் சொல்லவில்லை என்பது அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

நில எடுப்பு அலுவலகத்துக்கு அன்றைக்கே போனோம். நோட்டீஸ் பழைய உரிமையாளர் பெயருக்கே போயிருந்தது. பெயர் மாற்றி நஷ்டஈடு கேட்க இரண்டு நாள்தான் பாக்கி. குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பாக்காமலா வாங்குனீங்க?"

"பாத்தேன் சார். அவன் காட்டுனது பூராவும் பாத்தேன். வெளிய வந்து வீட்டைக் காட்டுடான்னு கேக்கத் தோணலை."

அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக அவர் குரல் உடைந்தது. குமாஸ்தா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மனுவுக்கு முத்திரை வைத்தார்.

தரகரைப் பற்றி போலீசில் எழுதிக் கொடுத்தோம். இன்றுவரை ஆள் அகப்படவில்லை. நஷ்டஈடு அக்கா பெயருக்கு வந்தது, ஆனால் சுவர் எழும்பிய பிறகுதான் வந்தது. ஆமாம், சுவர். இடிக்கும்போது மொத்த வீடும் சேர்ந்து சரிந்துவிடக் கூடாது என்று, கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே மேஸ்திரி புதிதாக ஒரு சுவர் எழுப்பி, கூரையையும் கோட்டோரம் அறுத்துப் பிரித்து வைத்தார். அந்தச் சுவரில் அக்கா ஒரு ஜன்னலும் வைக்கச் சொன்னார். "புள்ளைங்களுக்குக் காத்து வேணும்ல."

போன மாதம் இயந்திரம் வந்தது. அன்றும் நான் கூடப் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லோரையும் அந்த அம்மா பின்தெருவில் தெரிந்த வீட்டில் விட்டுவிட்டு வந்து, முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார். பக்கத்து வீட்டை இடித்தபோது கோட்டைத் தாண்டியும் ஒரு துண்டு சரிந்து விழுந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். மேஸ்திரியின் முகத்திலும் ஈயாடவில்லை.

"எல்லாரும் வெளிய வந்துருங்க" என்று இயந்திரத்தை ஓட்டுபவர் கத்தினார்.

எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்தது. நான் பின்வாசல் வழியாக உள்ளே ஓடினேன். "அக்கா, வாங்க வெளிய! உங்களுக்கென்ன பைத்தியமா?"

பின் அறையில் புதுச் சுவரின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி இடது கையில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. நான் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. வலது உள்ளங்கையை விரித்துச் சுவரில் பதித்தார். அடுத்தடுத்து அடிகள் விழுந்து, இயந்திரம் ஓய்ந்து, தெருவில் யாரோ "முடிஞ்சுது" என்று கத்திய பிறகும், விரிசல் விடாமல் நின்ற அந்தச் சுவரிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.