நாலு ஏக்கர் வாளை

நீலப்பொடியில் புரட்டிய நூலை இரண்டு விரல்கள் இழுத்துச் சுண்டின. வெள்ளைச் சுவரில் நேர்கோடு விழுந்தது. அடுத்த கோடு நாலு விரல் கீழே. அளவுகோல் வேண்டியதில்லை, அந்தக் கைக்கு முப்பது வருடப் பழக்கம்.

ஊர் அவளைப் 'போர்டக்கா' என்றே கூப்பிடும். கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்தே எழுத்துப் பழகியவள். யாராவது பிழையோடு எழுதிக்கொண்டு வந்தால், "திருத்திட்டு வாங்க, இல்லேன்னா வேற ஆளப் பாருங்க" என்று துரத்திவிடுவாள்.

இன்று வேளாண் அலுவலகத்தில் வேலை. வெள்ள நிவாரணம் யார் யாருக்கு என்பதைச் சுவரில் எழுதி, ஏழு நாள் ஊர் பார்க்க வைக்க வேண்டும் என்பது விதி. விடுபட்டவர்கள் அதற்குள் மனுக் கொடுக்கலாம். எட்டாம் நாள் கதவு சாத்திவிடும். குமாஸ்தா விதியை மீறாத மனிதர். கழிப்பறைக்குப் போகும் சந்தில், பின்சுவரைக் காட்டியிருந்தார்.

"இங்க எவன் சார் வந்து பார்ப்பான்?"

"சுவர்ல எழுதணும்னுதான் இருக்கு. எந்தச் சுவர்னு இல்ல."

காகிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். தங்கையின் பெயர் இல்லை. வெள்ளத்தில் இரண்டு ஏக்கர் மிளகாய் அழுகியதால், கடன் பாக்கிக்காக விதைக்கடைக்காரனுக்குப் பயந்து தங்கை சுற்றுவழியில் நடக்கிறாள். ஆனால் குமாஸ்தாவின் மச்சான் பெயர் இருந்தது. சைக்கிள் கடை வைத்திருப்பவர். பூந்தொட்டியளவு மண்கூடச் சொந்தமில்லை. பெயருக்கு எதிரே: 'வாளை, 4 ஏக்கர்.'

"சார், வாழைக்கு இந்த 'ள' வராது. இது மீனு."

"இருக்கறபடி எழுதும்மா. ஓரெழுத்து மாறக்கூடாது. உன் வேலை எழுதறது, படிக்கறது இல்ல."

"சரிங்க சார்."

வாழ்நாளில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு பிழையை எழுதினாள். அத்தனை அழகான 'ள'வை வேறெந்தப் பலகையிலும் அவள் போட்டதில்லை. பிறகு பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு டீக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, வெள்ளத்துல மீன் மூழ்கிச் செத்தா நிவாரணம் உண்டாமே?"

"மீன் மூழ்குமா?"

"நாலு ஏக்கர் மூழ்கியிருக்கு. சுவத்துல எழுதியிருக்கேன், போய்ப் பாருங்க."

அரைமணியில் சந்து கொள்ளவில்லை. சிரிக்க வந்தவர்கள், வந்ததுதான் வந்தோமென்று தங்கள் பெயரையும் தேடினார்கள். தங்கையோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரின் பெயரைக் காணோம்.

"மச்சானுக்கு ஏதுய்யா நாலு ஏக்கர்?"

"சைக்கிள் டியூப்ல தண்ணி ஊத்தி வளத்திருப்பாரு!"

குமாஸ்தா முகத்தில் ஈயாடவில்லை. "சீக்கிரம் திருத்தும்மா!"

"'ழ' போட்டா தோப்பு எங்கன்னு கேப்பாங்க சார். மீனுன்னா, ஆத்தோட போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

கூச்சல் கேட்டுப் பெரிய அதிகாரி இறங்கி வந்தார். சுவரைப் படித்தார், குமாஸ்தாவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் படித்தார். அங்கேயே நின்று பன்னிரண்டு மனுக்களையும் வாங்கினார். மச்சான் வரியை அடித்துவிட்டு, பன்னிரண்டு பெயரையும் கீழே எழுதச் சொன்னார். எதிரே 'விசாரணையில்' என்று போட வேண்டும்.

"விசாரணைன்னா பணம் வந்துடுமாக்கா?" என்றாள் தங்கை.

"வரும்னு சொல்லலடி. இனிமே உன்னைத் தெரியாதுன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்."

கடைசி எழுத்து காயும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வரியையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு வேலை முடிந்த சீட்டை அதிகாரியிடம் நீட்டினாள்.

"படிச்சுப் பாத்துட்டே கையெழுத்துப் போடுங்க சார்."