பெயர் தெரியாத ஒருத்திக்கு ஓர் அர்ச்சனை

திருவண்ணாமலையில் மொட்டைத் தலையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் கணவர் ஏழுமலையும் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது, பேருந்து நிலையத்தில் பூ விற்ற அம்மா அவரிடம், "எந்தக் கோயில் மொட்டைங்க?" என்று கேட்டார். "திருப்பதிங்க" என்றார் இவர். அந்த அம்மா எனக்குப் பூவைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அளந்து கொடுத்தார். நாங்கள் பன்னிரண்டு வருடமாக வாழும் ஜெர்மானிய நகரத்தின் டிராமில் அதே தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மரியாதைதான். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் இவர் நோயாளி ஆகிவிடுவார். ரத்தப் புற்றுநோய்க்கு முதல் சுற்று சிகிச்சை முடிந்து வந்திருந்தோம். இங்கே மூன்று வாரம் இவர் வெறும் பக்தராக நடமாடினார்.

கீழ்பென்னாத்தூரில் இருந்த என் மாமியார் முனியம்மாளிடம் நோயைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. "அம்மா தாங்க மாட்டாங்க, நீ வாயே தொறக்காத" என்று இவர் விமானத்திலேயே என்னிடம் உறுதி வாங்கியிருந்தார். முதல் நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே அத்தை, தன் மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏம்பா, மொட்டை போட்டா புருவத்தையுமா எடுத்துடுவாங்க?" என்றார்.

இவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் மோர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அத்தை மறுபடி கேட்கவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பினார். "எதுக்குங்க அத்தை, முட்டி வலியோட?" என்றேன்.

"நீங்க சொல்லாதத நான் கேக்கல. நான் போறத நீயும் கேக்காதம்மா."

அதன்பின் சாகும்வரை ஒரு பௌர்ணமியும் அவர் விடவில்லை. நோயின் பெயரைக் கடைசிவரை உச்சரிக்கவும் இல்லை.

ஜெர்மனிக்குத் திரும்பிய சில மாதங்களில் நோயும் திரும்பியது. இனி வேறொருவரின் உடலிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களை எடுத்துச் செலுத்தினால்தான் வழி என்றார்கள். இவருடைய தம்பி சேகருக்குப் பொருந்தவில்லை. காத்திருந்த நாட்களில் நான் சாமியிடம் எதுவும் பேரம் பேசவில்லை, பேசத் தெம்பில்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு அப்படியே நிற்பேன். ஒருநாள் மருத்துவர் அழைத்தார். அந்த நாட்டிலேயே ஓர் இளம்பெண்ணின் அணுக்கள் பொருந்துகின்றன, இது மிக அபூர்வம் என்றார். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. அங்கே விதிமுறை அப்படி.

நீர்த்த தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பையில் அந்த அணுக்கள் வந்தன. அதைக் கம்பியில் மாட்டியபோது நான் கைகூப்பினேன். செவிலியர் என்னவென்று புரியாமல், "வாஸ்ஸர்?" என்று கேட்டு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அதுவும் அன்றைக்குத் தேவையாகத்தான் இருந்தது.

இவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஊரிலிருந்து சேகர் கூப்பிட்டார். "அண்ணி, அம்மா போயிட்டாங்க. காலைல எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல. அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. உடம்பு தேறட்டும்."

வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், 'சொல்லாதீங்க' என்ற அந்த வார்த்தை எத்தனை வருடமாக நம் தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று. முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அத்தையிடம் நாங்கள் மறைத்ததில் அவர் தனியாக மலை சுற்றியதுதான் மிச்சம். உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே, "கொள்ளி யார் வெக்கறது?" என்றார்.

"சேகர்."

"நம்ம பக்கம் மூத்தவன் நான்தான வெக்கணும்."

நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையுறை போட்ட கைதான்.

சில மாதங்களில் இவருடைய ரத்த வகையே மாறிவிட்டது. இனி அந்தப் பெண்ணின் வகைதான் என்றார் மருத்துவர். "அப்படியென்றால் என் அம்மாவின் ரத்தம் என்னிடம் இல்லையா?" என்று இவர் ஜெர்மன் மொழியில் கேட்டார். மருத்துவர் அன்பாகச் சிரித்து, "கவலைப்படாதீர்கள், பழைய ரத்த வகை அட்டையை மாற்றித் தந்துவிடுவோம்" என்றார்.

போன வாரம் அத்தைக்கு வருஷ திதி. அதற்காக ஊருக்கு வந்திருக்கிறோம். இப்போதும் மருத்துவர்கள் எதற்கும் உறுதி சொல்வதில்லை; இன்று இவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், அதுவே எனக்குப் பெரிய வரம். அய்யங்குளக் கரையில் திதி கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போனோம். இவர் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாதுங்க. எனக்கு ரத்தம் குடுத்த பொண்ணு. ஜெர்மனியில இருக்காங்க."

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். "சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன். அவருக்குத் தெரியும்" என்று சொல்லித் திரும்பினார். தூணைப் பிடித்துக்கொண்டு இவர் அழுதார். அம்மா இறந்த அன்று அழாத அழுகை.

வெளியே வந்து, விபூதியை இரண்டு காகிதங்களில் பாதிப் பாதியாக மடித்தார். ஒன்றைக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் அம்மா படத்துக்கு முன்னால் வைத்தார். இன்னொன்று பெட்டியில் இருக்கிறது. நாளை எங்களோடு விமானம் ஏறும். யாரிடம் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது.